கிழக்கு மட்டும் கேட்டது

மீனவர் சங்கத்தின் செயலாளர் அந்தப் பெட்டியை ஒரு துணிக்கடைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். மழை படாமல் மேலே துவாய் ஒன்றைச் சுற்றியிருந்தார். அவரோடு ஒரு பெண்ணும் வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். கதிரையைக் காட்டினேன். அவள் இருக்கவில்லை. பெட்டி மேசைக்கு வரும்வரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாரென்று எனக்குத் தெரிந்திருந்தது. திருகோணமலைக் கரையில் அந்த மாதம் எல்லோரும் அவர்களைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வாடைக் காலம் தொடங்கின கையோடு ஆழ்கடலுக்குப் போன பலநாள் படகு ஒன்று திரும்பி வரவில்லை. தாழமுக்கம் வருகிறதென்று தெரிந்ததும் மற்றப் படகுகள் கரைக்கு வந்துவிட்டன. இவர்கள் தூரத்தில் இருந்தார்கள். படகை ஓட்டியவர் அவளுடைய கணவர். பக்கத்துச் சல்லிக் கிராமத்தைச் சேர்ந்தவர்.

கடைசியாக அவர் கரையோடு றேடியோவில் ஒருமுறை கதைத்திருக்கிறார். சங்கத்தின் றேடியோ அறையில் இருந்த அக்காதான் அதைக் கேட்டவர். காற்று கூடிவிட்டது, இந்தத் திசையாக ஒதுங்கிப் போகிறோம் என்று அவர் சொன்னாராம். அந்தத் திசையைத்தான் அக்கா தேடப் போனவர்களிடம் சொன்னார். வடகிழக்கு. வடகிழக்கில் நாட்கணக்காகத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு, தெற்கே மட்டக்களப்புப் பக்கத்துக் கடலில் அந்தப் படகின் மீன்பெட்டி ஒன்று மிதந்து வந்ததாகத் தகவல் வந்தது. அன்றிலிருந்து கரையில் ஒரே கதைதான். அவர் தென்கிழக்கு என்று சொல்லியிருப்பார், றேடியோ அக்காவின் காதில் அது பிழையாக விழுந்துவிட்டது என்று.

செயலாளர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். பல வருடங்களுக்கு முன் ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் சங்கத்துக்கு றேடியோவும் அன்ரெனாவும் கொடுத்தபோது, இந்தப் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தார்களாம். றேடியோவில் வருகிற கதை எல்லாம் இதில் பதியுமாம். அதைப் பொருத்திப் பூட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. பச்சை விளக்கு எரிந்தபடியால் வேலை செய்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். மீன்பெட்டி வந்த பிறகுதான் பதிவைப் போட்டுக் கேட்கலாமே என்று ஒருவருக்கு யோசனை வந்திருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று செயலாளர் வயரை இழுத்துப் பெட்டியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு எடுத்து மின்சாரம் கொடுத்தபோது விளக்கு எரிந்தது. ஆனால் எந்தக் கணினியிலிருந்து கூப்பிட்டாலும் பெட்டி பதில் சொல்லவில்லை.

“அவற்ற குரல் இதுக்குள்ள இருக்கோணும். எடுத்துத் தருவீங்களோ?” என்று அவள் கேட்டாள்.

பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அப்போது நான் உள்துறைமுகத்துக்குப் போகிற வீதியில், ஒரு போன் கடைக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கடைகளின் கமராப் பெட்டிகள், பில் அடிக்கிற இயந்திரங்கள், பிள்ளைகளின் லப்டொப்கள். அதற்கு முன் கொழும்பில் ஒரு நிறுவனத்தில் சேர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நாடு நொடித்த வருடத்தில் அவர்கள் அந்தப் பிரிவை மூடினார்கள். நான் ஊருக்கு வந்தேன். சம்பூரில் பிறந்து, சிறு வயதிலேயே போரில் இடம்பெயர்ந்து வளர்ந்தவளுக்கு ஊர் என்றால் எது என்று சொல்வது கஷ்டம். அம்மா இருக்கிற இடத்துக்கு வந்தேன் என்று சொல்லலாம்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு பலகை. திரை பூட்ட இடமில்லை, விசைப்பலகை பூட்ட இடமில்லை. சேமிப்புச் சில்லு பலகையிலேயே ஒட்டவைக்கப்பட்டிருந்தது. கழற்றி வேறு கணினியில் போட்டுப் பார்க்க ஏலாது. உள்ளே ஓடுவது யுனிக்ஸ் வழியில் வந்த ஓர் இயங்குதளம் என்று பலகையில் ஒட்டியிருந்த சிறு தாளிலிருந்து தெரிந்தது. பின்பக்கம் ஒன்பது ஊசிகள் கொண்ட சீரியல் போர்ட் ஒன்று இருந்தது. இந்த மாதிரி இயந்திரம் மின்சாரம் வந்து எழும்பும்போது என்ன நடக்கிறது என்பதை வரிவரியாக அந்தத் துளை வழியாகத்தான் சொல்லும். கொன்சோல் என்போம். கொழும்பில் வேறு எல்லா வழியும் அடைபட்ட பிறகு நாங்கள் கேபிளைத் தூக்கிக்கொண்டு போவது அதற்குத்தான்.

என்னிடம் இருந்த கேபிளைப் பூட்டினேன். திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை. அது நேர்க் கேபிள். இந்த வேலைக்கு ஒரு பக்கத்தின் வாய் மற்றப் பக்கத்தின் காதோடு முட்டவேண்டும். நேர்க் கேபிளில் வாயும் வாயும் முட்டும். இரண்டும் கதைக்கும், ஒன்றுக்கும் கேட்காது. குறுக்குக் கேபிள் டவுனில் எந்தக் கடையிலும் இல்லை. பழைய பில் இயந்திரம் ஒன்றின் வயரை வெட்டி, இரண்டு கம்பிகளை மாற்றி ஈயம் வைத்தேன். அதற்கே ஒரு நாள் போனது, ஏனென்றால் நடுவில் ஒரு ஹோட்டல்காரர் கமரா வேலை செய்யவில்லை என்று வந்து நின்றார்.

மறுநாள் காலையில் அவள் வந்தாள். வரச் சொல்லவில்லை. தூறலில் பஸ்ஸில் வந்து, குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, இந்தமுறை கதிரையில் இருந்தாள். நான் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். என் லப்டொப்பின் திரை நிரம்ப எழுத்துகள் ஓடின. கேள்விக்குறிகள், வெறும் சதுரங்கள், மேலே இரட்டைப் புள்ளி வைத்த அந்நிய எழுத்துகள். ஒரு சொல்கூட இல்லை.

அவள் எழும்பி வந்து எனக்குப் பின்னால் நின்றாள்.

“இதுதானோ அவர் கதைச்சது?”

இல்லை, இது பெட்டி தன்னைப் பற்றிச் சொல்கிறது, வேகம் பொருந்தாதபடியால் இப்படித் தெரிகிறது என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனாலும் அந்தக் குப்பை வரிகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதற்குள் எங்கேயோ தெரிந்த எழுத்தொன்று இருக்கும் என்று தேடுகிறமாதிரி இருந்தது. நான் திரையைத் துடைத்தபோது, “அழிச்சுப் போட்டீங்களோ?” என்று பதறினாள். அழியாது, திரும்ப வரும் என்று காட்டினேன். அன்றைக்கு மூன்று நான்கு தடவை காட்டவேண்டி வந்தது.

வேகத்தைப் பிடிப்பது சுலபமான வேலை. வழக்கமாக இருக்கிற வேகங்கள் கொஞ்சம்தான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஒன்றில் எழுத்துத் தெளியும். 115200 என்று வைத்தபோது முதல் சில வரிகள் தெளிவாக வந்தன. பலகையின் பெயர், நினைவகத்தின் அளவு. பிறகு நடுவழியில் திரும்பவும் குப்பையாகிவிட்டது. பெட்டி எழும்பும்போது பாதியில் பழுதாகிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்து ஒரு முழு நாளை வீணாக்கினேன். பலகையைத் துடைத்தேன், மின்சாரம் கொடுக்கும் அடப்ரரை மாற்றினேன், சில்லுகளைத் தொட்டுச் சூடு பார்த்தேன். அது பழுது இல்லை. பலகை ஒரு வேகத்தில் கதைக்கிறது. அதன் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொள்ளும் இயங்குதளம் வேறு வேகத்தில் கதைக்கிறது. பூட்டினவர்கள் இரண்டையும் ஒன்றாக்காமல் போய்விட்டார்கள்.

அது விளங்கிய அன்று பின்னேரம் றேடியோ அக்கா வந்தார்.

அவரை நான் அதற்கு முன் நேரில் கண்டதில்லை. ஐம்பது கடந்திருக்கும். பால் விடாத பிளேன்ரி நிரப்பிய சின்ன பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். றேடியோ அறையில் கனகாலம் தனியே இருந்தவர்களுக்கு வருகிற பழக்கமாக்கும், பேசி முடித்ததும் மறுமொழிக்காகக் கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பார். வேறு ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்.

பதிவு கிடைத்தால் முதலில் தனக்குச் சொல்லவேண்டும் என்று கேட்டார். என்ன வந்தாலும் பரவாயில்லை, சனம் முன்னால் வைத்துக் கேட்க மட்டும் தன்னால் ஏலாது என்றார். நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. பிறகு தானாகவே சொன்னார்:

“கிழக்கு எண்டது வடிவாக் கேட்டது பிள்ளை. அதுக்கு முதல் வந்த சத்தத்தைத்தான் இரைச்சல் விழுங்கிப் போட்டுது. வட எண்டுதான் கேட்டனான். அப்ப எனக்கு அதில சந்தேகம் இல்லை. இப்ப யோசிக்க யோசிக்கத் தென் எண்டும் கேக்குது.”

வாடைக் காலத்தில் நீரோட்டம் தெற்கு நோக்கித்தான் இழுக்கும். படகு எங்கே கவிழ்ந்திருந்தாலும் மீன்பெட்டி மட்டக்களப்புப் பக்கம்தான் போய்ச் சேரும். கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதைச் சொன்னேன். “எனக்கும் தெரியும். கதை பரப்புறவைக்கும் தெரியும்,” என்றார். பிறகு பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போனார். வாசலில் செருப்பைத் தேடிப் போட நெடுநேரம் எடுத்தது.

அடுத்த நாள் பலகை தன் வரிகளை முடிக்கும் இடத்தில் தயாராக இருந்து, வேகத்தை 9600க்கு மாற்றினேன். இயங்குதளத்தின் வரிகள் ஒவ்வொன்றாகத் தெளிவாக விழுந்தன. அவள் பக்கத்தில் இருந்தாள். எழுத்து எழுத்தாக இருப்பதைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை.

நடுவில் ஒரு வரி வந்தது. எச்சரிக்கை, கடிகாரம் பல ஆயிரம் நாட்கள் பின்னுக்குப் போயிருக்கிறது, திகதியைப் பார்த்துச் சரிசெய்யவும் என்று. பழைய இயந்திரங்கள் எல்லாம் சொல்கிற வரி அது. உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் சின்ன பற்றரி செத்தால் அப்படி வரும். நான் அதைத் தாண்டிப் போனேன். எனக்கு வேண்டியிருந்தது கடைசி வரி. வயரைத் திடீரென்று இழுத்தபடியால் கோப்புகளின் அடுக்குக் குழம்பியிருக்கிறது, ஆள் வந்து கையால் சரிபார்க்கவேண்டும், தொடர என்ரரை அழுத்தவும் என்று சொல்லிவிட்டு, பெட்டி நின்றது. இவ்வளவு நாளும் அது செத்துக் கிடக்கவில்லை. ஒருவர் வந்து ஒரு விசையை அழுத்தும்வரை காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். பெட்டி சொல்வது எனக்குக் கேட்கிறது, நான் சொல்வது அதற்குக் கேட்கவில்லை. நான் வெட்டி ஒட்டிய கேபிளில் மூன்று கம்பிகள்தான் இருந்தன. ‘நான் தயார், நீ பேசு’ என்று சைகை காட்டும் கம்பிகள் இல்லை. என் லப்டொப்பின் மென்பொருளோ அந்தச் சைகைக்காகக் காத்திருந்தது. அதைப் பார்க்காதே என்று அமைப்பில் மாற்றிவிட்டு ஒருமுறை அழுத்தினேன். திரையில், சொல் என்று கேட்கிற கட்டளைக்குறி வந்தது.

“இனிக் கேக்கலாமோ?” என்றாள்.

இன்னும் கொஞ்சம் என்றேன். முதலில் எதையும் எழுதாமல், வாசிக்க மட்டுமே முடிகிற விதத்தில் சேமிப்பைத் திறந்தேன். பதிவுகள் இருந்தன. ஒவ்வொரு கோப்பின் பெயரும் அது பதிந்த திகதி. பட்டியலை ஓடவிட்டேன். பழைய வருடங்கள் வந்தன, பிறகு நாடு நொடித்து மின்வெட்டு நடந்த அந்த வருடம் வந்தது. அதன் நடுவில் ஒரு நாளோடு பட்டியல் முடிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவர் கதைத்த நாள் இல்லை, அந்த மாதம் இல்லை, அந்த வருடமே இல்லை.

அவளிடம் இன்றைக்கு முடியாது, நாளைக்கு வாருங்கள் என்றேன். என் முகத்தை வைத்து அவள் எதையோ விளங்கியிருப்பாள். குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு பட்டியலை மேலிருந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் முதலில், சங்கத்துக்கு இந்தப் பெட்டி கிடைப்பதற்கும் முந்திய ஒரு வருடத்தின் திகதியோடு ஒரேயொரு கோப்பு இருந்தது. அதைக் கேட்டேன். செயலாளரின் குரல். பெட்டியைக் கழற்ற வந்தபோது, அதைக் கழற்றப் போகிறேன் என்று அந்த அறையின் றேடியோவில் யாருக்கோ சொல்லியிருக்கிறார். இரண்டு வாரத்துக்கு முந்திய குரல். எத்தனையோ வருடங்களுக்கு முந்திய திகதி.

அப்போதுதான் தாண்டிப் போன அந்த எச்சரிக்கை வரி எனக்குள் இறங்கியது. மின்வெட்டுக் காலத்தில் நாளாந்தம் மின்சாரம் போய்ப் போய் வந்து, கடிகாரத்தின் பற்றரி செத்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொருமுறை மின்சாரம் வந்து எழும்பும்போதும் பெட்டி தன்னைப் பல வருடம் பின்னால் இருப்பதாக நினைத்திருக்கிறது. பதிவை விடவில்லை, ஒவ்வொரு நாளும் ஒழுங்காகப் பதிந்திருக்கிறது. ஆனால் சேமிப்பு நிரம்பியிருந்தது. நிரம்பினால் மிகப் பழைய திகதியுள்ள பதிவை அழித்து இடம் எடுக்கவேண்டும் என்று பூட்டினவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். புதிதாகப் பதிந்ததெல்லாம் பழைய திகதியோடு இருந்தபடியால், அதையே முதலில் அழித்திருக்கிறது. இன்றைக்குப் பதிந்ததை நாளைக்கு. யாருக்கும் வேண்டாத பழைய கதைகளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறது.

அவருடைய குரல் இந்தப் பெட்டிக்குள் ஒருநாள் இருந்திருக்கிறது. அடுத்த நாள் இல்லை. ஒவ்வொருமுறை எழும்பும்போதும், திகதியைப் பார், திகதியைப் பார் என்று அது அந்தத் துளை வழியாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அந்தத் துளையில் ஒருவரும் கேபிள் செருகி இருக்கவில்லை.

அழித்த கோப்பு உடனே இல்லாமல் போவதில்லை. மேலே வேறு எதையும் எழுதும்வரை துண்டுதுண்டாகக் கிடக்கும். அந்த நம்பிக்கையில் முழுச் சேமிப்பையும் ஒரு வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தேன். ஒலித் துண்டுகள் போலத் தெரிந்தவற்றைப் பிரித்தெடுத்தேன். ஒவ்வொன்றும் சில விநாடி. வீட்டில் அம்மா நாடகம் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அவற்றைக் கேட்டேன். பெரும்பாலும் இரைச்சல். இடைக்கிடை கதை. இண்டைக்குச் சூரை என்ன விலை போகுது. ஐஸ் முடிஞ்சுது, வாறம். அவனுக்குச் சொல்லு, பொம்பிளைக்கு ஆஸ்பத்திரியில ஆம்பிளைப் பிள்ளையாம். ஓரிடத்தில் றேடியோ அக்காவின் குரல் தெளிவாக: விளங்கேல்ல, திருப்பிச் சொல்லுங்கோ. அதற்குப் பிறகு இரைச்சல், பிறகு வேறு ஏதோ நாளின் துண்டு.

அந்தத் துண்டைப் பலமுறை கேட்டேன். அக்கா அன்றைக்குச் சொன்னதாக இருக்கலாம். அறையில் இருந்த அத்தனை வருடமும் ஒவ்வொரு நாளும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

அவளுக்கு எப்படிச் சொல்வதென்று யோசித்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் விளங்கிக்கொண்டாள், நான் எதிர்பார்த்ததைவிட விரைவாக. பெட்டி அவருடைய குரலை எந்த வருடத்தில் போட்டது என்று கேட்டாள். சொன்னேன். அப்போது தனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவரைத் தெரியவும் தெரியாது என்றாள்.

பிறகு துண்டுகளைத் தானே கேட்கவேண்டும் என்றாள். நான் வேண்டாம் என்றேன். அவள் காதில் மாட்டிக்கொண்டாள். மூன்று பகல் வந்து இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். ஒவ்வொரு குரலும் யாருடையதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இது அவற்ற மச்சான், இது நிலாவெளியில இருக்கிற ஒராள், இது போன வருசம் செத்துப் போன பெரியவர் என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் மனதுக்குள் இவர்தானோ என்று வைத்திருந்த ஒரு துண்டும் இருந்தது. நீரோட்டத்தைப் பற்றி ஒரு ஆண் கேட்கிற குரல். அதை அவள் முழுக்கக்கூடக் கேட்கவில்லை. அது அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

மூன்றாம் நாள் கடைசித் துண்டுகளில் அவள் இருந்தபோது றேடியோ அக்கா வந்தார். பதிவு இல்லை என்று செயலாளர் வழியாக அவருக்கும் செய்தி போயிருந்தது. உள்ளே அவள் இருப்பதைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார். அவள் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, வாங்கோ அக்கா என்றாள். அந்தப் படகு போனதற்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று பிறகு அறிந்தேன். அக்கா இருந்தார். தெருவில் ஓட்டோ ஒன்று நின்று நின்று போனது.

“பெட்டியில இல்லை அக்கா. நீங்கள் கேட்டதைச் சொல்லுங்கோ. அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ,” என்றாள்.

அக்கா திசையைப் பற்றித் தொடங்கினார். வட என்றுதான் கேட்டது, ஆனால் இரைச்சல் என்று. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். திசை வேண்டாம், முழுவதையும் சொல்லுங்கோ என்றாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். குரல் மாறியது, றேடியோவில் வருகிற சுருக்கமான, சொற்களை இடைவெளிவிட்டு நிறுத்துகிற குரல்.

“காத்துக் கூடிப் போச்சு அக்கா. எஞ்சினுக்கு ஒண்டுமில்லை.” இவ்விடத்தில் நிறுத்தி, உதடுகளை மூடி ஒரு இரைச்சலை மட்டும் காட்டினார். “கிழக்கால ஒதுங்கிப் போறம். பெடியள் சாப்பிட்டிட்டாங்கள். பிறகு றேடியோவில எடுக்கிறன்.”

“பிறகு எடுக்கிறன் எண்டு சொன்னவரோ?”

“ஓம்.”

“நீங்கள் அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“திசையைத்தான் எல்லாரும் கேட்டவை,” என்றார் அக்கா.

அவள் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அக்கா சொன்னார். இன்னும் ஒருமுறை கேட்டாள். இன்னும் ஒருமுறை சொன்னார். ஒவ்வொருமுறையும் அந்த இரைச்சலை அதே இடத்தில் அதே அளவு நேரம் காட்டினார். நான் என் போனில் அதைப் பதிந்து தரட்டுமா என்று கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று அவள் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழும்பிப் போய்க் கடை வாசலில் நின்றேன். உள்ளே அக்கா நான்காம் முறையோ ஐந்தாம் முறையோ சொல்வது கேட்டது. கடைசியில் அக்காவின் குரல்தான் உடைந்தது. அவளுடையது இல்லை.

அதற்குப் பிறகு ஒன்றும் நல்லதாக நடக்கவில்லை. யாரும் வடகிழக்கையோ தென்கிழக்கையோ திரும்பத் தேடப் போகவில்லை, நாட்கள் கடந்துவிட்டன. கரையில் கதை ஓயவும் இல்லை. பெட்டியில் பதிவு அழிந்ததற்கும் அக்காதான் காரணம், பிடிபடுவோம் என்று அவரே அழித்திருப்பார் என்று புதிதாக ஒரு கதை கிளம்பியது. நான் செயலாளரிடம் போய், அழிந்த விதத்தை விளக்கி, அப்படி யாரும் கையால் அழித்திருக்க ஏலாது என்று கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், சொன்னேன். கடிகாரம், திகதி, சேமிப்பு என்று சொல்லச் சொல்ல முகங்கள் என்னைவிட்டு விலகுவது தெரிந்தது. இவளும் றேடியோக்காரியும் ஒரே கட்சி, பொம்பிளைகள்தானே என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. தை பிறக்கும் முன்பே அக்கா றேடியோ அறைப் பூட்டின் திறப்பைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, தோப்பூரில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லவில்லை.

பெட்டிக்குப் புதுப் பற்றரி போட்டேன். கோப்பு அடுக்கைச் சரிசெய்தேன். இரண்டு வேகங்களையும் ஒன்றாக்கி, அடுத்து வருகிறவருக்கு உதவட்டும் என்று அந்த வேகத்தை ஒரு துண்டில் எழுதி உள்ளே ஒட்டினேன். திகதி சரியாக ஓடியது. செயலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் அதை அலுமாரிக்குள் வைத்தார். றேடியோ அறைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை, எடுத்த பிறகு பூட்டலாம் என்றார். இன்றுவரை எடுக்கவில்லை என்றுதான் கேள்வி. படகுக்காரர்கள் தங்களுக்குள்ளேயே கதைத்துக்கொள்கிறார்கள்.

பிரதி எடுத்த டிஸ்க் என்னிடம் இருந்தது. அதை வைத்திருப்பதா, சங்கத்திடம் கொடுப்பதா, அழிப்பதா என்று தீர்மானிக்க முடியவில்லை. வேறு மென்பொருளால் திரும்பவும் ஒருதடவை தேடிப் பார்த்தேன். முன்பு கிடைத்ததைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது. பிறகு ஒரு வாடிக்கையாளருக்கு அவசரமாக டிஸ்க் தேவைப்பட்டபோது, வேறு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பிரதி எடுத்தது இன்னும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

அவளைப் போன மாதம் நிலாவெளி பஸ்ஸில் கண்டேன். ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்கப் போகிறாளாம், சீருடை போட்டிருந்தாள். நான் இடம் விட்டுக் கொடுத்தேன், வேண்டாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுகம் விசாரித்தோம். மழை இந்த வருடம் பிந்துகிறது என்று சொன்னாள். இறங்குகிற இடம் வருவதற்குச் சற்று முன், தன் போனில் எடுத்தால் எதிர்ப்பக்கத்தின் கதை கேட்பதில்லை, தன்னுடையது மட்டும் அங்கே கேட்கிறது, திருத்த ஏலுமோ என்று கேட்டாள். ஸ்பீக்கர் போயிருக்கும், சின்ன வேலைதான், கடைக்குக் கொண்டு வாருங்கோ என்றேன். ஓம், வாறன் என்றாள்.

இன்னும் வரவில்லை.